முன் இருக்கைப் பந்தயம்

"வலை! வலை! ஆர்வெல்லா, வலையைக் கொண்டா!"

"கொண்டாந்துட்டேன்."

"அடியில கொண்டா! தலைப் பக்கமா வா, வால் பக்கம் வராதே!"

"எந்த வருஷம் நான் வால் பக்கம் வந்தேன்?"

"பேசாதே. இப்ப இல்ல... இப்ப இல்ல... இப்ப!"

அவர் "இப்ப" சொல்லி முடிப்பதற்குள் மீன் போய்விட்டது. தண்ணீரில் ஒரு வெள்ளி வட்டம் சுழன்று அடங்கியது. ஹாய்ட் தூண்டில் கோலைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெறும் வலையைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாமசம் பண்ணிட்டே," என்றார்.

"நீ வெடுக்குனு இழுத்தே."

"நான் இழுக்கல."

"வாய் பிஞ்சு போச்சு. இழுக்காம பிஞ்சுடுமா?"

கிராப்பி மீனுக்கு வாய் காகிதம். எங்கள் பக்கத்தில் அதைக் காகித வாயன் என்றே சொல்வார்கள். சின்ன மீனாக இருந்தால் அப்படியே தூக்கிப் படகுக்குள் போட்டுவிடலாம். கொஞ்சம் கனத்துவிட்டால் அதன் எடையே அதன் வாயைக் கிழித்துவிடும். அதனால் படகோரம் வந்ததும் அடியில் வலை போக வேண்டும். தில்லாபா ஏரியில் எங்கள் படகில் அந்த வலை என் கையில்தான் இருக்கும். கல்யாணம் ஆன முதல் வசந்தத்திலிருந்தே அப்படித்தான். முன்னால் ஒரே ஒரு இருக்கை, அதில் ஹாய்ட். அவர் முன்னே விசிறி மாதிரி நாலு கோல். பின்னால் நான், வலை, சாப்பாட்டுக் கூடை.

அன்று கரையேறி நேராக பெட்டஸின் இரைக் கடைக்குப் போனோம். பெட்டஸ் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் அதிகம். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமானவளையும் மரியாதைக்கு 'மிஸ்' என்பார். பொடிமீன் தொட்டிக்குள் கையை விட்டபடி கேட்டார்:

"என்ன ஹாய்ட், முகம் இப்படி இருக்கு?"

"பெருசு ஒண்ணு போச்சு. வலை தாமசம்."

"மிஸ் ஆர்வெல்லாவா தாமசம்? இந்த ஏரியிலயே அவங்க கைக்கு இணை கிடையாதுய்யா. உன் மீன்ல பாதி அவங்களோடது."

"என்ன பாதி? யார் கோல்ல மாட்டுதோ அவங்க மீன். வலை யாரு வேணா பிடிக்கலாம்."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோலக் கீழே குனிந்தார்கள்.

"யாரு வேணா பிடிக்கலாமா?" என்றேன்.

"ஆமா."

"அப்ப நீ பிடி."

"என்னது?"

"நான் முன்னால உக்காந்து கோல் பிடிக்கிறேன். நீ பின்னால உக்காந்து வலை பிடி. யாரு வேணா பிடிக்கலாம்னா உன்னாலயும் முடியும்ல?"

ஹாய்ட் சிரித்தார். மற்றவர்களும் சிரிப்பார்கள் என்று பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"உனக்குக் கோல் பிடிக்கத் தெரியுமா?"

"இத்தனை வருஷமா உன் முதுகைப் பார்த்துட்டே உக்காந்திருக்கேன். அதுக்குப் பதிலா கோல் நுனி ஆடறதை முதல்ல பார்க்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"அப்ப பந்தயம்," என்றார் ஹாய்ட். கடையில் ஆள் இருந்தால் அவருக்கு வீரம் கூடும். "வர்ற சனிக்கிழமை. நீ தனியா, நான் தனியா. மத்தியானத்துக்குள்ள இந்தத் தராசுல யாரு கனமான கிராப்பி வைக்கிறாங்களோ, அவங்களுக்கு இந்த வருஷம் பூரா முன் இருக்கை. தோத்தவங்க பின்னால, வலையோட."

"சம்மதம்."

"படகு என்னோடது. நீ எதுல போவே?"

அதை நான் யோசிக்கவில்லை. யோசித்துவிட்டதுபோல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸெல்மா வீட்டுக்குப் போனேன். ஹாய்ட்டின் அக்கா. தம்பியை எதிர்க்க ஒரு சாக்குக் கிடைத்தால் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வருவாள்.

"படகா? என்கிட்ட கயாக் இருக்கே!" என்றாள்.

"எது, அந்தப் பச்சை ஒத்தை ஆள் படகா? குடும்பமெல்லாம் கூடுற அன்னிக்கு ஐஸ் கொட்டி சோடா பாட்டில் வைப்பியே, அதுவா?"

"அதேதான்."

"அது மிதக்குமா?"

"தெரியாது. இதுவரைக்கும் தண்ணிதான் அதுக்குள்ள நின்னிருக்கு, அது தண்ணியில நின்னதில்ல."

தூண்மேல் நிற்கும் அவள் வீட்டுக்கு அடியிலிருந்து அதை இழுத்துப் போட்டோம். உள்ளே ஒரு ஆரஞ்சு சோடா மூடி, உலர்ந்த பல்லி ஒன்று. ஹோஸ் வைத்துக் கழுவினோம். என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மர முக்காலிகள் மேல் ஏற்றி வைத்தோம். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தோம். சமையலறைக் கதவு அதற்கு நேர் எதிரே.

ஹாய்ட் கொசுவலைக் கதவுக்குப் பின்னால் காப்பிக் கோப்பையுடன் நின்றார்.

"என்ன செய்யறீங்க?"

"உனக்குச் சொல்ல மாட்டோம்," என்றாள் ஸெல்மா. "நீ எதிரி."

என் திட்டம் எளிது. கிராப்பி இந்தப் பருவத்தில் ஓரிடத்தில் நிற்பதில்லை, கரையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நாமும் நகர வேண்டும். படகு மெதுவாகப் போகும், கோல்களிலிருந்து நூல் பின்னால் இழுபட்டு வரும், நூல் முனையில் ஈயத்தலையும் இறகு வாலும் வைத்த ஜிக் நீந்துவதுபோல வரும். இதை ஹாய்ட் மோட்டாரும், மீன் நிற்குமிடம் காட்டுகிற திரையும் வைத்துச் செய்வார். என்னிடம் துடுப்பு ஒன்று, தோள் இரண்டு, அதில் ஒன்று வலிக்கும்.

இருக்கைக்குப் பின்னால் ஒரு பால் கூடையை வைத்து எலாஸ்டிக் கயிற்றால் இறுக்கினேன். கூடையின் இரண்டு மூலையிலும் பி.வி.சி. குழாயை அறுத்து நிறுத்தி, குழாய்க்குள் கோல்களைச் செருகினேன். தள்ளி நின்று பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"டிவி ஆன்டெனா மாதிரி இருக்கு," என்றது கொசுவலைக் கதவு.

"உன்னை யாரும் கேக்கல!" ஸெல்மா கத்தினாள்.

"கேக்கலன்னாலும் சொல்றேன். கோலைப் பின்னால வச்சா நுனி ஆடறதை எப்படிப் பார்ப்பா? அவ கழுத்து திரும்பாது. கார்ல ரிவர்ஸ் எடுக்கறப்போ நான்தானே இறங்கிப் பார்க்கறேன்."

சொல்லிவிட்டு, எதிரிக்கு யோசனை சொல்லிவிட்டோம் என்று புரிந்தது போலிருக்கிறது. உள்ளே போய்விட்டார்.

ஸெல்மா என் காதருகே வந்தாள். "அவன் சொல்றது சரி."

"தெரியும்."

"கேக்காத மாதிரி கொஞ்ச நேரம் நில்லு. அப்புறம் மாத்தலாம்."

இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் மாற்றினோம்.

இந்த முறை இருக்கைக்கு முன்னால் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன் இரண்டு முனையிலும் குழாயைச் சாய்த்துப் பொருத்தினோம். கோல்கள் இரண்டும் என் முழங்காலுக்கு முன்னாலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, கரப்பான் பூச்சி மீசை மாதிரி நின்றன. நுனி இரண்டும் கண்முன்னே. முதல் தடவை துடுப்பை வீசியபோது இடது கோலில் பட்டு அது என் ரோஜாச் செடிக்குப் போட்டிருந்த வேலியில் போய் விழுந்தது. குழாயை இன்னும் தாழ்த்தினோம். துடுப்பையும் உயர்த்தி வீசாமல், சூப்பைக் கலக்குவதுபோலச் சின்னச் சின்னதாகப் போடப் பழகினேன்.

ஸெல்மாவின் மாட்டுக் குளத்தில் ஒத்திகை பார்த்தோம். மிதந்தது. ஆனால் கயாக் என்பது சும்மா தொட்டாலே ஓடுகிற சாமான். ஜிக் இரண்டும் தண்ணீர் மேலே வந்து தத்தித் தத்திப் போயின.

"ரொம்ப வேகம்!" கரையிலிருந்து ஸெல்மா. "மீனு மோட்டார் சைக்கிள் வச்சிருந்தாத்தான் பிடிக்க முடியும்!"

"மெதுவாத்தான் போடறேன்!"

"இன்னும் மெதுவா! அதுங்க தலைக்குக் கொஞ்சம் மேல போகணும். கீழ போறதைக் கிராப்பி திரும்பிக்கூடப் பார்க்காது. என் தம்பி மாதிரி."

பின்னால் கயிற்றில் ஓட்டை போட்ட வாளி ஒன்றைக் கட்டினோம். வாளி தண்ணீரைக் குடித்துக்கொண்டு இழுத்தது, படகு அடங்கியது. ஆனாலும் வேகம் ஒரே மாதிரி நிற்கவில்லை. நான் ஆசைப்பட்டால் வேகம், அலுத்தால் நின்றுபோகும்.

"பாட்டுப் பாடு," என்றாள் ஸெல்மா.

"எதுக்கு?"

"சர்ச்சுல பாடற மாதிரி பாடு. ஒரு வரிக்கு ஒரு துடுப்பு."

எங்கள் சர்ச்சில் பாடுகிற வேகம் ஊரெல்லாம் பிரசித்தம். பியானோ வாசிக்கிற பெண்மணி வரிக்கு வரி நின்று எங்களுக்காகக் காத்திருப்பாள். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுப்பில் வைத்த பீன்ஸ் வெந்துவிடும் என்று போதகரே சொல்லியிருக்கிறார். நான் பாடினேன். வரிக்கு ஒரு துடுப்பு போட்டேன். ஜிக் இரண்டும் ஒழுங்காக இறங்கி ஒரே ஆழத்தில் வந்தன. மாடுகள் கரைக்கு வந்து கேட்டன.

"இதுதான்!" ஸெல்மா குதித்தாள். "கர்த்தர் நம்மள ஏன் இவ்வளவு மெதுவாப் பாட வச்சாருன்னு இப்பத்தான் தெரியுது!"

சனிக்கிழமை டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்து நின்றன. அது பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். படகு இறக்குமிடத்தில் ஹாய்ட் எனக்கு முன்பே வந்து, பெரிய படகை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பந்தயத்தைப் பார்க்கவென்றே வேறு சிலரும் வந்திருந்தார்கள்.

"எல்லாம் எடுத்துட்டியா?" என்றார்.

"எடுத்துட்டேன்."

"மிதவை ஜாக்கெட்?"

"போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

ஸெல்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். "விசில் இருக்கு. குறடு இருக்கு. ஜிக் இருக்கு. ஐஸ் பெட்டி. தண்ணி. சாண்ட்விச். வாளி. எல்லாம் இருக்கு, போ."

அவள் கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து, ஐஸ் டீ ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். ஏரியின் அந்தக் குடாவில் காலை நேரத்தில் தண்ணீர்மேல் பேச்சு நன்றாக ஓடும். அவள் குரலுக்குத் தண்ணீர்கூட வேண்டியதில்லை.

நான் சைப்ரஸ் மரங்களின் ஓரமாக ஆரம்பித்தேன். ஹாய்ட் குடாவின் எதிர்ப் பக்கம். ஒரு வரி, ஒரு துடுப்பு. இரண்டு பாட்டு போயிற்று, ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டில் வலது கோல் நுனி தலையாட்டியது.

ஆட்டம் என்றால் பெரிய ஆட்டமில்லை. யாரோ கேட்ட கேள்விக்கு "ம்" என்று சொல்வதுபோல. ஆனால் அதை முதலில் பார்த்தது நான். ஹாய்ட்டின் தோள் அசைவதைப் பார்த்து, அப்புறம் கோலைப் பார்த்து, அப்புறம் வலையை எடுக்கிற கதை இல்லை. நானே பார்த்தேன், நானே கோலை எடுத்தேன். நூல் வழியாக ஒரு உயிர் என் உள்ளங்கையில் குடுகுடுவென்று பேசியது.

"மாட்டிச்சு! ஸெல்மா, மாட்டிச்சு!"

"சத்தம் போடாதே, சுத்து!"

கையளவு மீன். தூக்கி மடியில் போட்டேன். முதல் மீன்! அதற்கு நான் முத்தம் கொடுத்ததை ஸெல்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், அதனால் மறைப்பதற்கில்லை. அப்புறம் அதே அளவில் இன்னும் இரண்டு.

அடுத்தது அப்படியில்லை. இடது கோல் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மெதுவாகச் சுற்றினேன். வெடுக்கென்று இழுக்கவில்லை, ஹாய்ட் செய்கிற எந்தத் தப்பையும் செய்யவில்லை. மீன் படகோரம் வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். கரும்புள்ளி தெளித்த வெள்ளி. ஒரு கையில் கோலை உயர்த்தி, மற்றக் கையை வலைக்காகப் பின்னால் நீட்டினேன்.

கை பால் கூடையைத் தடவியது. சாண்ட்விச்சைத் தடவியது. ஐஸ் பெட்டியைத் தடவியது.

"ஸெல்மா!"

"என்ன?"

"வலை எங்கே?"

ஸெல்மா ஐஸ் டீயைக் கீழே வைத்தாள்.

"வலையா?"

"வலை! வலை!"

"நீ எடுக்கலையா?"

"நீதானே எல்லாம் இருக்குன்னே!"

"நீ வச்சது எல்லாம் இருக்குன்னேன்!"

வலை இருந்த இடம் எனக்குத் தெரியும். ஹாய்ட்டின் படகில், பின் இருக்கைக்குப் பக்கத்தில், கைப்பிடியில் என் பழைய கைக்குட்டை சுற்றி, எப்போதும் இருக்கிற இடத்தில். அதை நான் என்றைக்கும் எடுத்து வைத்ததே இல்லை. படகில் ஏறி உட்கார்ந்தால் அது என் கையில் இருக்கும். என் கையைப் போலவே அதுவும் கூட வரும் என்று நினைத்துவிட்டேன்.

இருந்த ஒரே யோசனை தொப்பி. வைக்கோல் தொப்பியைக் கழற்றி மீனுக்கு அடியில் விட்டேன். மீன் தொப்பியைப் பார்த்தது. ஒரு உதறு. வாய் பிய்ந்தது, மீன் போயிற்று, தொப்பியும் கையை விட்டு நழுவி, காற்று வாக்கில் குடாவின் நடுவே பயணப்பட்டது.

"தொப்பியும் போச்சா?" என்றாள் ஸெல்மா.

"போச்சு."

அந்த நேரம் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தண்ணீர்மேல் வந்தது.

"வலை! வலை! ஆர்வெல்லா, வலையைக் கொண்டா!"

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாகப் பின்னால் போயிற்று. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். ஹாய்ட் எழுந்து நின்று, வளைந்த கோலைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். வலை அங்கேதான் இருந்தது. ஆனால் நீளப் படகு, அது பின்கோடியில், அவர் முன்கோடியில். ஒரு கையில் கோலுடன் பின்னால் ஓடினார். நூல் தளர்ந்தது. மீன் போய்விட்டது.

கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நாரைகள் பறந்தன.

"டேய் ஹாய்ட்!" ஸெல்மா எழுந்து நின்றாள். "அங்க வலை பிடிக்கிற ஆள் இருக்கு, வலை இல்ல! உன்கிட்ட வலை இருக்கு, ஆள் இல்ல!"

அவர் வலையை முன்னால் கொண்டு வந்து காலடியில் வைத்துக்கொண்டார். அப்புறமும் இரண்டு தடவை அதே கதை நடந்தது. நாலு கோலையும் ஒரு வலையையும் இரண்டு கையால் பிடிக்க முயன்று, ஒரு தடவை நூலெல்லாம் சிக்கிக்கொண்டது, ஒரு தடவை அவரே தடுமாறி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் "வலை!" என்ற சத்தம் மட்டும் வாயிலிருந்து தானாக வந்தது. கடைசியில் நடுத்தர மீன் ஒன்றைத் துணிந்து தூக்கிப் படகுக்குள் போட்டார். அது பிய்யாமல் வந்தது. கரைக்குக் காட்டினார்.

"ஒன்றரை பவுண்டு தேறும்!" என்று யாரோ சொன்னார்கள்.

என்னிடம் கையளவு மூன்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு அதிக நேரம் இல்லை. பாட்டைக்கூட எனக்குத் தெரியாமலே வேகமாகப் பாட ஆரம்பித்துவிட்டேன்.

"ஓடாதே!" ஸெல்மா கத்தினாள். "பியானோக்காரி தோத்துப்போற மாதிரி பாடு!"

மூச்சை விட்டு மறுபடி மெதுவாக ஆரம்பித்தேன். மரங்களை விட்டு விலகி, தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில் படகைத் திருப்பினேன். திருப்பும்போது உள்பக்கத்து ஜிக் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி எழும். அப்படி எழுந்தபோதுதான் வலது கோல் தலையாட்டவே இல்லை, நேராகக் குனிந்தது.

தொட்டதும் தெரிந்தது. இதுவரை என் வலையில் விழுந்த எதுவும் இந்தக் கனம் இல்லை.

படகே திரும்பியது. கயாக்கை மீன் இழுத்துக்கொண்டு போயிற்று, வாளியும் பின்னால் வந்தது. நான் சுற்றவில்லை. விட்டேன், வாங்கினேன், விட்டேன். கடைசியில் மேலே வந்து பக்கவாட்டில் புரண்டது.

"ஆர்வெல்லா," ஸெல்மா இப்போது கத்தவில்லை. "தூக்கிடாதே."

"தெரியும்."

"கரைக்குத் தள்ளிட்டு வர முடியுமா?"

"துடுப்பை எந்தக் கையால போட? வாயாலயா?"

கொக்கி மாட்டியிருந்த இடம் எனக்குத் தெரிந்தது. உதட்டின் ஓரத்தில், ஒரு தோல் அளவு. ஓட்டை ஏற்கெனவே பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு உதறு போதும். நூலை இறுக்காமலும் தளர்த்தாமலும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தோள் எரிந்தது. செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. என் வாழ்நாளில் ஹாய்ட்டைப் பார்த்து நான் கத்தியிராத ஒரு வார்த்தையைக் குடா முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"வலை! ஹாய்ட், வலையைக் கொண்டா!"

எதிர்ப் பக்கம் அவர் தலை நிமிர்ந்தது. அவர் படகுத் தொட்டியில் ஒன்றரை பவுண்டு நீந்திக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்தாலே போதும். கேட்கவில்லை என்றுகூடச் சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் யோசித்தாலே என் மீன் போய்விடும்.

"டேய்!" என்றாள் ஸெல்மா.

மோட்டார் முனகியது. பெரிய படகு மூக்கைத் திருப்பி என்னை நோக்கி வந்தது. கோல்களைக்கூட அவர் எடுக்கவில்லை. பாதி வழியில் அவருடைய கோல்களில் ஒன்று, ஓரத்தில் இருந்தது, வளைந்தது. நன்றாக வளைந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். கை அதை நோக்கி ஒரு சாண் போயிற்று. பிறகு குனிந்து வலையை எடுத்தார்.

வலைக்குள் என் தொப்பி இருந்தது.

"என் தொப்பி எப்படி உன்கிட்ட?"

"காத்துல வந்துச்சு. இன்னிக்கு என் வலையில ஒழுங்கா விழுந்தது இது ஒண்ணுதான்." தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "எங்கே மீன்?"

"மோட்டாரை நிறுத்து முதல்ல. அலை வருது."

நிறுத்தினார்.

"அடியில கொண்டா. அடியில! தலைப் பக்கமா வா, வால் பக்கம் வராதே!"

"தலைப் பக்கம்தான் வரேன்!"

"அது வால்!"

"அது தண்ணிக்குள்ள எது தலை எது வால்னு... "

"வலையால குத்தாதே, நூல்ல படுது! வெளிய எடு! மறுபடி இறக்கு. பேசாதே. இப்ப இல்ல... இப்ப இல்ல..."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனை அல்ல, என் முகத்தை. நானும் அப்படித்தான் அவர் முகத்தைப் பார்த்து, எப்போது என்று தெரிந்துகொள்வேன்.

"இப்ப!"

வலை எழுந்தது. மீன் உள்ளே விழுந்த அந்தக் கணமே கொக்கி தானாகக் கழன்று என் மடியில் வந்து விழுந்தது. கரையில் கூச்சல். ஸெல்மா குடையைத் தண்ணீரில் எறிந்துவிட்டாள்.

ஹாய்ட் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"ஆர்வெல்லா, இது கனக்குதே."

"கனக்கும்."

"மணிக்கட்டு வலிக்குது."

"வலிக்கும்."

பெட்டஸ் கடைத் தராசில் ஹாய்ட்டின் மீன் முதலில் ஏறியது. ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் என்னுடையது. முள் அதைத் தாண்டி, இரண்டரையையும் தாண்டிப் போய் ஆடி நின்றது. பெட்டஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

கூட்டத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "ஆனா தனித்தனியா பிடிக்கணும்னுதானே பந்தயம்? அதை ஹாய்ட்தானே வலையில எடுத்தார். அது எப்படி மிஸ் ஆர்வெல்லா மீனாகும்?"

எல்லோரும் ஹாய்ட்டைப் பார்த்தார்கள். என் தொப்பி இன்னும் அவர் தலையில் இருந்தது. அவர் வாயைத் திறந்து "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஹாய்ட் தொட்டியில் ஓடுகிற பொடிமீன்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யார் கோல்ல மாட்டுதோ அவங்க மீன்," என்றார். "நான்தானே சொன்னேன்?"

"வலை?" என்றார் பெட்டஸ், விடாமல்.

"வலை யாரு வேணா பிடிக்க முடியாது," என்றார் ஹாய்ட். "அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்."

வீட்டுக்குப் போகும்போது ஸெல்மா பின்சீட்டிலிருந்து கேட்டாள். "ஏன்டா வந்தே? சும்மா இருந்திருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே."

"காலையிலேர்ந்து வலை வலைன்னு கத்திட்டே இருந்தேன். யாரும் வரலை. அது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "அதோட, அந்த மீனை இவ பறிகொடுத்திருந்தா வருஷம் பூரா ராத்திரிச் சாப்பாட்டுல அதைப் பத்தித்தான் கேட்டுட்டு இருக்கணும்."

அது உண்மைதான்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் சோள மாவில் புரட்டி மீன் வறுத்தோம். ஹாய்ட்டின் ஒன்றரை பவுண்டும் என் சின்ன மூன்றும் எண்ணெய்க்குப் போயின. பெரியதை மறுபடி ஏரியிலேயே விட்டுவிட்டேன். பெட்டஸ் படம் எடுத்த பிறகுதான். கடைச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. நான் மீனைப் பிடித்திருக்கிறேன், பக்கத்தில் ஹாய்ட் வலையையும் என் தொப்பியையும் பிடித்திருக்கிறார். சுவரில் உள்ள மற்றப் படங்களில் எல்லாம் ஹாய்ட் மீனுடன் நிற்பார், ஓரத்தில் வலைக் கைப்பிடியும் என் முழங்கையும் மட்டும் தெரியும். போன வாரம் பெட்டஸ் ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொரு முழங்கைக்குக் கீழேயும் என் பெயரை எழுதியிருக்கிறார். நான் கேட்கவில்லை.

கயாக்கைக் கழுவி ஸெல்மாவிடம் கொடுத்தேன். குழாய்களை எடுக்க வேண்டாம் என்றாள். குழாயில் குடை செருகினால் சோடாவுக்கு நிழல் கிடைக்குமாம்.

இப்போது முன் இருக்கை எனக்கு. முன்னால் முதுகு எதுவும் மறைக்காத ஏரி எவ்வளவு பெரியது என்று அதில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மோட்டாரைக் காலால் மிதித்து ஓட்டப் பழகிவிட்டேன். திரையை அணைத்து வைத்துவிட்டேன், பாட்டு போதும். பின்னால் ஹாய்ட்டும் மெல்லப் பாடுகிறார். எனக்குப் பின்னால் ஒரு வரி தாமதமாக.

"ஆர்வெல்லா."

"ம்."

"சாண்ட்விச் சாப்பிடலாமா?"

"சாப்பிடு. ஒரு கையால சாப்பிடு."

"ஏன் ஒரு கையால?"

"மத்தக் கை வலையில இருக்கணும்."

பின்னால் காகிதம் பிரிக்கிற சத்தம். பிறகு இடது ஓரத்துக் கோல் நுனி, யாரோ "ம்" என்று சொன்னதுபோலத் தலையாட்டியது.

"ஹாய்ட்!"

"வாய்ல சாண்ட்விச்!"

"வலை! வலை!"

"இப்பவா?"

"இப்ப இல்ல..."